நூற்று நாற்பத்தொன்று

ஆயிரத்து இருநூறு டம்ளர்,
ஒன்று ஆறு ரூபாய்.
ஊமச்சிகுளம் டீக்கடை ஞானதுரை
இரண்டாயிரம் முன்பணம் வைத்தார்.
"எல்லாம் ஒரே செவப்பா இருக்கணும்மா."
தீயிடம் சொல்லிப் பார்க்கிறேன் என்றேன்.
அவர் சிரிக்கவில்லை.

விளாச்சேரியில் அந்த வாரம் வெயில் போதவில்லை.
அரிசி களைந்த தண்ணீராக வானம்.
கண்மாய் மண்ணில் எது பேச்சுக் கேட்கும், எது கேட்காது என்று
மிதிக்கும்போதே குதிகாலுக்குத் தெரியும்.
ஆனாலும் சின்னக் கல் ஒன்று ஏமாற்றிவிடும்;
காயும்வரை ஒளிந்திருந்து
தீயில்தான் வாயைத் திறக்கும்.

சக்கரம் மோட்டாரில் ஓடுகிறது.
கரண்ட் போனால்
பாதி வயிற்றோடு நின்றுவிடும் டம்ளர்.
கட்டைவிரல் உள்ளே, நடுவிரல் வெளியே,
இடையில் நிற்பது தடிமன்.
மிஞ்சினால் மண் நட்டம்,
குறைந்தால் குடிப்பவர் விரல் நட்டம்.
நூலால் அறுத்தெடுக்கையில்
அடியில் ஒரு சுழி விழும்.
ஒன்றைப் போல் ஒன்று இல்லை.
யாரும் கவிழ்த்துப் பார்ப்பதில்லை.

வியாழன் சூளை அடுக்கினோம்.
கீழே தேங்காய் மட்டை, கருவேல விறகு,
மேலே வைக்கோல், அதன் மேல் சேறு,
மூச்சு விட நான்கு கண்.
நாத்தனார் நாகஜோதி தீ வைத்தாள்.
கணக்கும் அவள்தான்.
முதல் இரண்டு மணி நேரம்
தீக்குக் கோபம் வரக் கூடாது.
வந்தால் உள்ளே ஈரம் பட்டென்று வெடிக்கும்.
வெளியே உட்கார்ந்து எண்ணினோம்:
ஒரு பட்டுக்கு ஆறு ரூபாய்.

பத்தரைக்குக் குன்றத்துப் பக்கமிருந்து
காற்று திரும்பியது.
வடக்குக் கண் மூச்சுமுட்டி
கறுப்பாய்க் கக்கியது.
நனைத்த சாக்கோடு ஓடினேன்.
என் இடது புருவத்தில் பாதி
தீயோடு போய்விட்டது.

சனிக்கிழமை பிரித்தோம்.
சுண்டினால் சொல்லும்.
ணங் என்றால் காசு,
டப் என்றால் ரோட்டுக் குழிக்கு.
கூடுதலாக ஐம்பது போட்டிருந்தோம்,
உடைந்தது சரியாக ஐம்பது.
சூளைக்கும் கணக்குத் தெரியும்.
ஆனால் நூற்று நாற்பத்தொன்று
நல்ல ணங்,
முகத்தில் மட்டும் புகை.

ஞானதுரை ஒவ்வொன்றாய்த் திருப்பித் திருப்பி
ஒதுக்கி வைத்தார்.
"ருசி மாறாதுண்ணே."
"கண்ணுதானேம்மா மொதல்ல குடிக்குது."
நியாயம்தான்.
எண்ணூற்று நாற்பத்தாறு ரூபாய் நியாயம்.

இரவு சாப்பிடும்போது
நாகஜோதி பாதிச் சோற்றில் கையை நிறுத்தினாள்.
"கொஞ்சம் கறுத்ததுதான குத்தம்?
முழுசாக் கறுத்தா?"

பழைய எண்ணெய் டிரம்மில்
எல்லாவற்றையும் உமியில் புதைத்தோம்.
மூடியின் விளிம்பெல்லாம் சாணிமண்.
நூல் புகைகூட வெளியே வராதபடி
அடியில் தீ.
காற்று கேட்டு உள்ளே முட்டியிருக்கும்.
கொடுக்கவில்லை.
விடிந்து திறந்தால்
டிரம் நிறைய நாவல்பழ நிறம்.

ஞாயிறு, தமுக்கம் பக்கத்து நடைபாதை.
நாகஜோதி அட்டையில் எழுதினாள்: பதினைந்து.
எனக்குக் கை கூசியது.
கண்ணாடி போட்ட ஒருவர் குனிந்து கேட்டார்:
"கீழடில எடுத்த மாதிரியே இருக்கே, எந்தக் காலம்?"
"போன செவ்வாக்கெழமைங்க."
ஆறு வாங்கிப் போனார்.

ஒன்றில் மட்டும்
பக்கத்து டம்ளர் ஒட்டி நின்ற இடம்
கறுக்காமல், நகமளவு சிவப்பாய் நின்றுவிட்டது.
வீட்டுக்கு எடுத்துப் போகலாமென்று
பின்னால் நகர்த்தினேன்.
நாகஜோதி அதை முன்னால் இழுத்து வைத்து
இருபது என்றாள்.

வாங்கிய பெண் கவிழ்த்து
அடிச்சுழியை விரலால் சுற்றிப் பார்த்தாள்.
சில்லறை இல்லையாம்.
நாகஜோதியின் போன்
தெரு முழுக்கக் கேட்கும்படி சொன்னது,
இருபது ரூபாய் வந்திருக்கிறது என்று.