அறைக்குத் திருத்தம்

மத்தியானம் இரண்டுக்குக் காத்தாடியை நிறுத்தினேன்.
ஐஸ் பெட்டியின் வயரைப் பிடுங்கினேன்.
தாளிக்கப் போன கரண்டியை அந்தரத்தில் பிடித்தபடி
'இன்னும் எவ்வளவு நேரம்' என்று
தவமலர் வாயை மட்டும் அசைத்தாள்.
பதில் சொன்னால் அதையும் அளந்துவிடும்.

பாஹாவ் பக்கம். செம்பனை ஆலைக்கு ஒரு மைல்.
வரிசை வீட்டில் நடு வீடு,
கூடம் பதினெட்டுக்குப் பத்து.
சிமெண்டுத் தரை, கண்ணாடி ஜன்னல், மேலே தகரம்.
கை தட்டினால் சுவர் திருப்பித் தட்டும்.
பேஸ் இறங்கினால் மேஜைமேல் கோப்பை நடக்கும்.

ரிசீவர் இரண்டாம் கை. எண்ணூறு வெள்ளி, நாலு தவணை.
'ரூமை அதுவே சரி பண்ணிக்கும்லா,'
என்றார் ஹோக் செங் தவுக்கே.
முக்காலி தரவில்லை.
சோபாவில் மைலோ டின் மூன்றை அடுக்கி
என் காது உயரத்துக்கு அந்தக் குட்டி மைக்கை வைத்தேன்.

வூ...ப்.
அடிவயிற்றில் தொடங்கி வௌவால் காதுவரை
ஏறிப் போகும் ஒரே கோடு.
எட்டு இடத்தில் அளக்க வேண்டும்.
நாலாவதில் ஆலைச் சங்கு ஊதியது.
'இரைச்சல் அதிகம்' என்றது திரை.
பத்தொன்பது வருஷமாக எனக்குத் தெரிந்த சேதி.

மறுபடி முதலிலிருந்து.
வேர்வை மூக்கு நுனியில் நின்றது;
சொட்டும் சத்தம் கேட்டுவிடுமோ என்று அதைத் துடைக்கவும் பயம்.

முடிவு வந்தது.
இடது மூன்று மீட்டர் பத்து. சரி.
வலது மூன்று பதினைந்து. இருக்கலாம்.
பேஸ் பெட்டி ஆறு மீட்டர் நாற்பதாம்.
அப்படியென்றால் அது
பின்சந்துச் சாக்கடையில் உட்கார்ந்திருக்க வேண்டும்.
அளவு நாடாவும் கையுமாகத் திரையோடு சண்டை போட்டேன்.
பெட்டிக்குள் சத்தம் தயங்கும் நேரத்தையும்
தூரக் கணக்கில் சேர்க்கும் என்றது கையேடு.
இரவு ஷிப்ட் முடித்து நேரம் கழித்து வரும் நாளில்
தவமலரும் என்னை அப்படித்தான் அளக்கிறாள்.

பாட்டைப் போட்டேன்.
கோப்பை நடக்கவில்லை.
அறுபத்திரண்டில் என் கூடத்துக்கு ஒரு மேடு இருந்ததாம்,
அதைச் செதுக்கிவிட்டது.
இத்தனை நாள் மூலையில் மூட்டையாக விழுந்துகொண்டிருந்த தவிலில்
விரல் தெரிந்தது, குச்சி தெரிந்தது.
குரல்தான் என்னவோ மாதிரி.
துவைத்து, கூடுதலாக ஒரு நாள் வெயிலில் போட்டது போல.

'நிஜமாகவா?' என்றாள்.
ரிமோட்டை அவள் கையில் கொடுத்துச் சுவரைப் பார்த்து உட்கார்ந்தேன்.
திருத்தம். திருத்தம் இல்லை. இப்போது திருத்தம்.
பத்துத் தரமும் சொன்னேன், தாடையைத் தடவிக்கொண்டு.
'நான் அமுக்கினதே நாலு தரம்.
மத்த நேரமெல்லாம் கருவேப்பிலை ஆய்ஞ்சேன்.'

கம்பெனி கிளினிக்கில் போன மார்ச்சில்
என் இடது காதுக்கும் ஒரு கோடு போட்டார்கள்.
நாலாயிரத்துக்குப் பக்கத்தில் குழி,
ஒரு லோரி சக்கரம் இறங்குகிற குழி.
பாய்லர் பக்கத்தில் நின்ற காது.
மைக் அங்கே நின்றதில்லை;
தனக்குக் கேட்ட அறையைத் தனக்காகத் திருத்திக்கொண்டது.
அதைக் குற்றம் சொல்ல முடியாது.

அன்றிரவு மெனுவைத் துழாவி ஒரு கோடு கிழித்தேன்:
இருநூறுக்குக் கீழே நீ பார்த்துக்கொள்.
மேலே உள்ளது,
கெட்டதோ நல்லதோ, என் பொறுப்பு.

'எப்படி, சவுண்டு நல்லா இருக்கா?' என்றார் தவுக்கே.
பாதி, என்றேன்.
இரண்டு தவணையை எடுத்துக்கொண்டு அவர் சிரித்தார்.

வியாழக்கிழமை மழை.
காயாத கம்பளி இரண்டையும்
தவமலர் கூடத்துக்குள் கொடி கட்டிப் போட்டாள்.
வேலையிலிருந்து வந்தவன் சும்மா கை தட்டிப் பார்த்தேன்.
சுவர் வாயைத் திறக்கவில்லை.
இன்னொரு தரம் தட்டினேன்.
அப்புறம் அலமாரிக்குக் கீழே குனிந்து
மைலோ டின்னைத் தேட ஆரம்பித்தேன்.

'காத்தாடிய மட்டும் நிறுத்தினீங்க...' என்றாள்,
மிச்சத்தைச் சொல்லாமல்.