காது கூசும் வெளிச்சம்

ஒலிக்கும் வெளிச்சம் உண்டென்று
எனக்குச் சொன்னவர் பழையபேட்டை அயாஸ் பாஷா.
"இந்த ஸ்பீக்கர் ப்ரைட்டுக்கா.
உள்ள அலுமினியம், கணீர்னு இருக்கும்.
இதுக்கு ப்ரைட்டான ரிசீவரையே மாட்டுனீங்கன்னா
கத்தியைக் கத்தியாலயே தீட்டுன மாதிரி."

முனிரத்தினம் கேட்கவில்லை.
ஆஃபரில் வந்த ரிசீவரையே தூக்கிவந்து மாட்டினார்.

எங்கள் ஹால் முழுக்கக் கல்.
தரை, ஜன்னல் மேடை, டிவிக்குக் கீழே பலகை,
எல்லாம் ஜெகதேவி ஃபேக்டரியில்
ஓரம் உடைந்து கணக்கில் கழித்த கிரானைட்.
பதினேழு வருஷமாக அதை அறுக்கிறவர்
வீட்டுக்குள்ளும் அதையே விரித்து வைத்திருக்கிறார்.

படத்தில் ஒருத்தி தாளித்தாள்.
கடுகு என் நெற்றியில் வெடித்தது.
ஒருத்தன் சாவிக்கொத்தை மேஜைமேல் எறிந்தான்.
எனக்குப் பிடரி சிலிர்த்தது.
வெயிலில் கண் கூசும்.
மாங்காய் கடித்தால் பல் கூசும்.
காது கூசுது என்று
அன்றைக்குத்தான் முதல்முறை சொன்னேன்.
அவர் சவுண்டை இன்னும் ரெண்டு ஏற்றினார்.
"இப்பதான் வசனமே புரியுது."

எனக்கு மாங்கூழ் ஃபேக்டரி லேபில் வேலை.
பெங்களூரா லாரி லாரியாக வரும், புளிப்போடு.
அந்தப் புளிப்பை இன்னொரு லோடு பெங்களூராவால்
சரிசெய்ய முடியாது.
கொஞ்சம் அல்போன்சா விட்டு
மீட்டரில் பார்த்து, நாக்கிலும் வைத்துப் பார்த்து,
அப்புறம் இன்னும் கொஞ்சம்.
இதையே பாஷாவிடம் போனில் சொன்னேன்.
"அல்போன்சா ஒண்ணு இருக்குக்கா" என்றார்.

மறுநாள் வந்தது, ஆளைச் சாய்க்கும் கனத்தில்
கறுப்பாக ஒரு பெட்டி.
ரூமை அளக்க ஒரு மைக், நாவல்பழம் அளவு.
அவர் உட்காரும் இடத்தில் ஸ்டூல் போட்டு
காது உயரத்துக்கு அதை நிறுத்தினார்கள்.
யாரும் பேசக் கூடாது.
ஃபேனை அணைத்தோம். ஃபிரிட்ஜைப் பிடுங்கினோம்.
பைபாஸில் ஒரு லாரி ஹாரனை முடிக்கட்டும் என்று காத்திருந்தோம்.

அடியிலிருந்து கிளம்பி ஏறியது ஓசை,
சையத் பாஷா மலைக்கு யாரோ
மூச்சுவிடாமல் ஏறுவதுபோல்.
மேலே, இன்னும் மேலே,
ஊசி அளவு மெலிந்து
என் கடைவாய்ப் பல்லைத் தொட்டது.

"முடிஞ்சிடுச்சா?" என்றார் முனிரத்தினம்.

முடியவில்லை.
ஒலித்துக்கொண்டுதான் இருந்தது.
பாஷா என்னைப் பார்த்தார்.
நான் மைக்கைப் பார்த்தேன்.
நடுவில் பேசிவிட்டதால்
முதலிலிருந்து அளக்கச் சொன்னது மெஷின்.
ரெண்டாம் முறையும் அவர்
அதே படியில்தான் தலை நிமிர்ந்தார்.

ரம்பம் கல்லை மட்டும் அறுக்கவில்லை.
குக்கர் ஆவி விடுவது,
பல்லி கத்துவது,
முதுகுக்குப் பின்னால் நின்று
நான் மெதுவாகச் சொன்ன அத்தனை சரிகளும்.
"கேட்டா பதிலே சொல்ல மாட்டியா?"
எத்தனை ராத்திரி அந்தச் சண்டை.

கறுப்புப் பெட்டியையே வைத்துக்கொண்டோம்.
ட்ரெபிளை இன்னும் இறக்கப் போன பாஷாவின் கையை
போதும் என்று நிறுத்தினேன்.
கூர்மையான ஒலி நேராகத்தான் போகுமாம்,
திரும்பத் தெரியாதாம்.
ரெண்டு ஸ்பீக்கரையும் அவர் நாற்காலியைப் பார்த்துத் திருப்பினோம்.
எனக்குச் சமையலறை வாசலோரம் போதும்.
தரைக்குத் தடிமனாக ஒரு ஜமுக்காளம்.

காது டாக்டர் செவ்வாய்க்கிழமை வருவாராம்.
எப்படி ஆரம்பிப்பது என்று
ரெண்டு செவ்வாய் போய்விட்டது.

நேற்று ஒரு பழைய படம்.
அறைக்குள் ரெண்டு பேர், ஜன்னல் சாத்தியிருக்கிறது.
"இந்த சீன்ல வெளிய மழையா?
போன தடவை பார்த்தப்ப பெய்யலையே" என்றார்.

அப்பவும் பெஞ்சது என்றேன்,
கொஞ்சம் சத்தமாக.