இறங்கும் கால்

ஏறும்போது மூச்சு வாங்கும், அவ்வளவுதான்.
இறங்கும்போதுதான்
முழங்கால் வாயைத் திறக்கும்.

இருபத்தொரு வருடமாக
மரிபோசாஸ் குன்றில் தபால் போடுகிறேன்.
இங்கே பாதித் தெருக்கள் படிக்கட்டுகள்.
வால்பரைசோவில் கடல் எல்லா ஜன்னலுக்கும் தெரியும்,
போய்ச் சேரத்தான் கால் வேண்டும்.

முதலில் ஒரு முனகல்.
பிறகு சோற்றில் கல் கடிபட்டதுபோல் ஒரு நறநற.
பிறகு ஜூன் மழையில் ஒருநாள்
என்னைக் கேட்காமலே மடங்கியது இடது கால்.
மின்கட்டண ரசீதுகளும் ஒரு கல்யாணப் பத்திரிகையும்
எனக்கு முன்னால் இறங்கிப் போயின.

முட்டைக்கோஸ் இலையை வைத்துக் கட்டு என்றாள்
பக்கத்து வீட்டு ஒர்டென்சியா.
கட்டினேன்.
இரவெல்லாம் சமையலறை வாசனையோடு வலித்தது.

மருத்துவ நிலையத்தில் நிபால்தோ,
காலுறையில் ஓட்டை விழுந்த பையன்,
என் எக்ஸ்ரேயை ஜன்னலில் பிடித்துப் பார்த்தான்.
"தேய்ந்திருக்கிறது. என் அப்பாவுக்கு இதைவிட மோசம்,
அவர் சனிக்கிழமைதோறும் ஆடப் போகிறார்.
படம் வேறு, வலி வேறு."
எனக்குக் கோபம் வந்தது.
வலி என்னுடையது, அதை அவன் அப்பாவோடு
ஏன் தராசில் வைக்கிறான்?

பிறகு விரலால் சில்லைத் தொட்டு
மெல்ல அசைத்துக் காட்டினான்.
பாண்டி ஆடும் பிள்ளைகள் தள்ளுகிற சில்லு போலத்தான்,
கோட்டுக்குள்ளேயே நகர வேண்டும்.
நகர்த்துகிற தொடை சோம்பிப் போயிருக்கிறது.

நாற்காலியில் உட்கார், எழு,
கையை ஊன்றாமல்.
பத்து. நாளைக்கும் பத்து.
பையின் கனத்தை இரண்டு தோளுக்கும் பங்கிடு.
ஏறும்போது நல்ல கால் முன்னே,
இறங்கும்போது நோகும் கால் முன்னே.
"பேசாமல் ஓய்வெடுத்தால்?"
"திறக்காத கதவின் கீல்
என்ன ஆகும், சொல்லுங்கள்?"

கதவு என்றதும்
எனக்கு வேறொரு கதவு ஞாபகம் வந்தது.

நூற்று எண்பத்துநான்காம் படி. பச்சைக் கதவு.
எர்மோகெனெஸ் பராவோனா.
பதிவுத் தபால், கையெழுத்து வேண்டும்.
மூன்று முறை தட்டுவேன். பத்து எண்ணுவேன்.
"ஆள் இல்லை" என்று எழுதிச் சீட்டைச் செருகுவேன்.
அலுவலகத்துக்கு நேரில் வந்து பெற்றுக்கொள்ளவும்,
சீட்டில் அச்சடித்திருக்கும்.
அலுவலகம் நூற்று எண்பத்துநான்கு படி கீழே.
இந்த வருடம் மட்டும் ஒன்பது சீட்டு.

உள்ளே ஏதோ நகரும் சத்தம் கேட்டதா?
கேட்டது.
பூனை என்று நினைத்துக்கொண்டேன்,
அப்படி நினைப்பது சுலபமாக இருந்தது.

ஆறு வாரம் நாற்காலியோடு மல்லுக்கட்டினேன்.
வலி போகவில்லை,
கூடத்திலிருந்து கொல்லைப்புறத்துக்கு
இடம் மாறியிருக்கிறது.
சில நாள் முன்வாசலுக்கும் வந்து நிற்கும்.

இன்று பச்சைக் கதவைத் தட்டினேன்.
பத்து எண்ணினேன்.
இருபது.
கட்டில் கிறீச்சிட்டது.
முப்பத்தைந்தில் ஒரு தடி, ஒரு நிற்றல்.
எனக்குத் தெரியும் அந்த நிற்றல்.
மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டு
அடுத்த அடியோடு பேரம் பேசும் நேரம் அது.
நாற்பத்தெட்டு. தடி. தடி.
அறுபத்தொன்றில் தாழ்ப்பாள்.

அவர் காகிதத்தைப் பார்க்கவில்லை.
நான் ஒரு காலில் கனத்தைச் சாய்த்து
நின்ற விதத்தைப் பார்த்தார்.

"இடதா?"
"இடது. உங்களுக்கு?"
"இரண்டும்."

பேனா அவர் கையில் இருந்தது.
அவசரமில்லை என்றேன்.