மைனஸ் எண்பத்திரண்டு ஐஸ்கிரீம்

ஜூனிலிருந்து செப்டம்பர் பாதி வரை
நாற்பத்தாறு நாள்.
உலான்பாட்டரில் ஒரு டிராலிபஸ் நிறுத்தம்,
நோர்ஜினின் ஐஸ்பெட்டி.
உணவு இடைவேளையில் ஓடிவந்து
நேற்றைய கணக்கைக் கேட்டுக் குறித்துக்கொள்வாள் சோலோங்கோ:
வெயில் இத்தனை டிகிரி,
விற்றது இத்தனை.
பகலில் சிமெண்டுக் கடையில் ரசீது போடுகிறவள்.
மாலையில் புள்ளியியல், முதல் தாள்.

கட்டத்தாளில் புள்ளிகள்
கொட்டிய கடுகாய்க் கிடந்தன.
ஊடே ஒரு கோடு போட்டாள்.
அது எந்தப் புள்ளியின் வீட்டுக்குள்ளும் நுழையவில்லை,
எவரையும் பகைத்துக்கொள்ளவுமில்லை.
ஒவ்வொருவரிடமிருந்தும் உள்ள தூரத்தை
வர்க்கமாக்கிக் கூட்டி,
இதற்குமேல் குறைக்க முடியாது என்ற இடத்தில்
படுத்துக்கொண்டது.

ஒரு டிகிரி ஏறினால் மூன்று ஐஸ்கிரீம்.
சுழியத்தில் இரண்டு.
அந்த இரண்டை வாங்குகிறவர்கள் யார் என்று
அப்போது அவளுக்குத் தோன்றவில்லை.

இருபத்தைந்துக்கு எழுபத்தேழு என்றது கோடு;
எழுபத்தொன்பது போனது.
பன்னிரண்டுக்கு முப்பத்தெட்டு;
முப்பத்தாறு.
அடேயப்பா, உன் கோட்டைக் கேட்டே சரக்கெடுக்கலாமே
என்றாள் நோர்ஜின்.
எடுத்தாள்.
மூன்று வாரம் ஒரு பெட்டிகூட மீறவில்லை.

பிறகு ஜனவரி.
ஆசிரியை யன்ஜ்மா பலகையில் எழுதினார்:
வெப்பநிலை மைனஸ் இருபத்தெட்டு,
விற்பனையைக் கணி.
சோலோங்கோ பெருக்கினாள், கூட்டினாள்,
எழுந்து நின்று வாசித்தாள்:
மைனஸ் எண்பத்திரண்டு.

வகுப்பு குலுங்கியது.
வரிசையில் நின்று
தின்றதைத் திருப்பிக் கொடுப்பார்களா?
பில்கூன் கேட்டான்.
குச்சியோடா, குச்சி இல்லாமலா?
யன்ஜ்மாவும் கண்ணாடியைக் கழற்றித் துடைக்கும்வரை சிரித்துவிட்டு,
பெருக்கல் சரி என்று
முழு மதிப்பெண் போட்டார்.

முழு மதிப்பெண்தான் உறுத்தியது.

ஞாயிற்றுக்கிழமை அதே நிறுத்தம்.
கரிப்புகைக்குள் சூரியன்
செல்லாக்காசு மாதிரி.
அவள் இமைமயிரில் உறைபனி.
நோர்ஜின் இருந்தாள்.
ஐஸ்பெட்டி இல்லை, மின்கம்பி இல்லை,
நடைபாதையில் செங்கல்லைப்போல் அடுக்கிய
அட்டைப்பெட்டிகள் மட்டும்.
ஊரே குளிர்பெட்டி, கரண்ட் பில் கிடையாது
என்று தேல் அங்கியின் கைக்குள்
விரல்களை இழுத்துக்கொண்டாள்.

நரித்தோல் தொப்பிப் பையன் ஒருவன்
வாங்கிய கையோடு கடித்தான்.
பல் கூசலையா?
இல்லக்கா. காத்தவிட இது சூடு.

கோடையில் உருகுமுன்னே ஓடி ஓடித் தின்கிறார்கள்,
இப்போது வீடுவரை கொண்டுபோகலாம்,
குழந்தைக்கு, நோயாளிக்கு, விருந்தாளிக்கு.
இதை நோர்ஜின் விளக்கமாகச் சொல்லவில்லை.
பெட்டிப் பெட்டியாகத் தூக்கிப்போனவர்களைப் பெயர் சொல்லி அழைத்தாள்,
அவ்வளவுதான்.

இருட்டுகிறவரை இருபத்து மூன்று.

மைனஸ் எண்பத்திரண்டைக் கழித்தால்
நூற்றைந்து.
கட்டத்தாளின் இடப்பக்கம் அவ்வளவு தூரம் போகாது.
இன்னொரு தாளை ஒட்டினாள்,
அப்படியும் புள்ளி விளிம்பில் நின்றது,
கோடு அதற்குக் கீழே
தரையைத் துளைத்துக்கொண்டு போனது.

இதைச் சேர்த்துக்கொண்டால் கோடு சாய்ந்துவிடும்,
ஜூலையும் பொய்யாகும்.
சேர்க்கவில்லை.
அழிக்கவும் மனமில்லை.

கணிப்புக்கும் கண்டதற்கும் இடையில் நிற்பதை
அவள் மொழியில் என்ன சொல்வார்களோ,
தமிழில் எச்சம்.
அந்தப் பெயரைத் தேர்ந்தவர்
இலக்கணமும் படித்திருக்க வேண்டும்.
முடியாமல் அடுத்த சொல்லுக்குக் காத்திருக்கும்
வினைக்கும் அதே பெயர்தான்:

திங்கள் மாலை வகுப்பு விட்டு,
நாற்பத்தாறு நாளும் எண்ணினாளே தவிர
ஒன்றுகூட வாங்காதது நினைவு வந்து,
கையுறையைப் பல்லால் கழற்றி,
விறைத்த விரலால் துக்ரிக் நோட்டு நீட்டி,
பஸ்ஸைப் போகவிட்டு,
ஒரு கடி கடித்து