இன்னும் ஓடுதா

முப்பத்தாறாயிரம் என்றான் தேசிங்கு.
கை துடைத்த பனியன் வேஸ்டாலேயே
நெற்றியையும் துடைத்துக்கொண்டு
என் முகத்தை விட்டுவிட்டு
டயரிடம் சொன்னான்.
ஹெட் கேஸ்கட். கிளட்ச் பிளேட். ரேடியேட்டர்.
அப்புறம் தரை.
"தரைன்னு ஒண்ணு இருந்தாத்தானக்கா
வெல்டிங் வெக்க முடியும்."

வாஸ்தவம்.
சுங்கச்சாவடி சிக்னலில் நிற்கும்போது
இரண்டு காலுக்கும் நடுவே ரோடு தெரியும்.
கடலை எண்ணெய் டின் ஒன்றைத் தட்டி நிமிர்த்தி
மேலே மிதியடி போட்டிருக்கிறேன்.
மழை நாளில் மிதியடி மிதக்கும்.
காசிமேட்டுக் காற்றுக்கு
இரும்பும் ஒருவகைக் கருவாடு.
உப்பைத் தடவி வைத்து
நிதானமாகத் தின்கிறது.

இருபத்தைந்து வயது ஆம்னி.
காயலான் கடை ஜக்கரியா பாய்
பதினெட்டாயிரம் தருகிறார்.
"எடைக்குத்தாம்மா எடுக்கிறேன், பாசத்துக்கு இல்ல."

பாசமா?
இடது கதவு உதைத்தால்தான் திறக்கும்.
ரிவர்ஸ் போட்டால் ஹாரன் தானாக அலறும்.
எஞ்சின் என் சீட்டுக்கு அடியில்.
மே மாதம் முழுக்கத் தொடையில் வேர்க்குரு.
எண்ணூர் பக்கம் வெள்ளம் வந்த வருஷம்
எண்ணெய் மிதந்த தண்ணீரில் முக்கால் நாள் நின்றது.
இன்னமும் ஏசி இல்லாத அதன் மூச்சில்
அந்த நாற்றம்.

கையிலிருந்த சீட்டின் பின்பக்கம் கணக்குப் போட்டேன்.
நடைக்கு நாற்பத்தைந்து பொட்டலம்.
துறைமுக வரிசையில் கன்டெய்னர் லாரிகள்
இரண்டு ராத்திரி அசையாமல் நின்றால்
எனக்கு வியாபாரம்.
(இந்த வேண்டுதலை
எந்த மாதாவிடம் போய் வைப்பது?)
ஆட்டோ பிடித்தால் தினம் நானூறு.
வேறு வண்டி என்றால் மாதத் தவணை பதினோராயிரம்.
செலவு பண்ணினால் எட்டு மாதம் உத்தரவாதமாம்.
"தள்ளினா ஒரு வருஷம் ஓடும்க்கா."
இப்போதே தள்ளித்தானே ஓட்டுகிறேன்.

எப்படிக் கூட்டினாலும்
போட்டுவிடு எடைக்கு
என்றுதான் விடை வந்தது.
பாய் கடைக்கே போய்விட்டேன்.
தராசுக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு டீ சொன்னார்.
அப்புறம் கேட்டார்,
"ஆர்.சி. யார் பேர்ல?"

சேசுராஜ்.
மடிப்பில் கிழிந்த புத்தகத்தில்
மை கூட மங்காமல்.
ஆறு வருஷமாக மணலியில் இருக்கிறான்.
எட்டு கிலோமீட்டர்.
வேறு அடுப்பு, வேறு குழம்பு.

ரிப்பேர் பார்க்கக் காசு போதும்.
உடைக்க அவன் கையெழுத்து வேண்டும்.
எங்களுக்குள் உடைந்ததற்கு
யாரும் எந்தக் கையெழுத்தும் கேட்கவில்லை.

கொருக்குப்பேட்டை கேட் போட்டிருந்தது.
கூட்ஸ் நீளமாகப் போய்க்கொண்டிருந்ததால்
திரும்பிப் போகவும் வழியில்லை.
நம்பரை அழித்து நாளாயிற்று,
விரலுக்குத்தான் யாரும் சொல்லவில்லை.

"யாரு?"
"வண்டி விஷயமா."

கொஞ்ச நேரம் இரண்டு பேரும்
கூட்ஸின் சத்தத்தைக் கேட்டோம்.

"இன்னும் ஓடுதா அது?"

சக்கரம் கழன்று, செங்கல் மேல்
தேசிங்கு கடை வாசலில் இருந்தது வண்டி.
ஓடுது என்றேன்.

"காலைல சோக் இழுத்து மூணு எண்ணு.
அப்புறம் சாவியப் போடு."

இரண்டு எண்ணினாலே போதும் என்று
நான் கண்டுபிடித்து ஐந்து வருஷம் ஆகிறது.
அதை ஏன் சொல்ல வேண்டும்?
சரி என்றேன்.
கேட் திறந்தது.
பின்னால் ஹாரன்கள்.
கையெழுத்தைப் பற்றிப் பேசவேயில்லை.

"கேஸ்கட்ட மட்டும் போடு,
கிளட்ச் அடுத்த மாசம்."
தேசிங்கு ஒரு மாதிரியாகப் பார்த்தான்.
"தரைக்கா?"
"வீட்டுல இன்னொரு டின் இருக்கு."

முன்பணம் எண்ணும்போது
கணக்குப் போட்ட சீட்டு நோட்டுகளோடு வந்தது.
தேசிங்கு திருப்பிப் பார்த்தான்.
மறுபக்கம் ரெஜினாவின் செமஸ்டர் ஃபீஸ்,
கடைசி நாள் இருபத்தெட்டு.
"இது ஒன்னுதுக்கா" என்று
மடித்து என் கையில் வைத்தான்,
மை ஒட்டாமல்
ஓரத்தைப் பிடித்து.