நீக்கப்பட்டது

டிசம்பர் இருபது. இரவு ஒன்பதரைக்கும் வெயில்.
புந்தா அரேனாஸ் தெருமுனைகளில்
காற்றுக்காகக் கயிறு கட்டியிருக்கிறார்கள்,
பிடித்துக்கொண்டு நடக்க.
நூல் கொள்முதல் பிரிவு என்று கதவில் இருக்கிறது.
உள்ளே நானும்,
வலது ஓரம் கொஞ்சம் நடுங்குகிற ஒரு கணினித் திரையும்.

முப்பத்தொன்றுக்குள் செலவழிக்காத பணம்
சான்டியாகோவுக்குத் திரும்பிப் போய்விடும்.
மிச்சம் ஒரு லட்சத்து எண்பத்தாறாயிரம் பெசோ.
சொல்லும்போது வாய் நிறைகிறது.
யூரோவாக்கினால் நூற்றெண்பது.

மற்றவர்கள் காலையில் வானிலை பார்ப்பார்கள்,
நான் நாணய மாற்று விகிதம் பார்ப்பேன்.
அடுத்த பக்கத்தில் பதின்மூன்று இலக்கத்தைத் தட்டினால்
பதிப்பகம் உயிரோடு இருக்கிறதா என்று தெரிந்துவிடும்.
அதற்கடுத்தது உலக நூலகங்களின் கூட்டுப் பட்டியல்:
நம்மிடம் இல்லாத புத்தகம்
எத்தனை கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது என்று
வரிசையாகச் சொல்லி வயிறெரிய வைக்கும்.
எல்லாம் கைவிட்டால் பழைய புத்தகக் கடைகள்.
நாலாயிரம் கடைக்கும் ஒரே தேடுபெட்டி.
அங்கே ‘நல்ல நிலை’ என்றால் முதுகு பிரிந்தது,
‘ஏற்கத்தக்கது’ என்றால் பூனை படுத்தது.

எலிசெயோ பார்ரியா போர்வெனிரிலிருந்து படகில் வருகிறவர்.
சிப்பி வளர்ப்புக் கயிறுகளைச் சோதிப்பது வேலை.
கயிற்றில் ஒட்டி வளர்வதற்கெல்லாம் பெயர் வேண்டும் அவருக்கு.
வேண்டுகோள் சீட்டில் மூன்றாம் தடவையாக எழுதியிருக்கிறார்:
கால்வாய்ப் பாசிகள் பற்றிய சின்னக் கையேடு.
ஆசிரியர்: தெரியாது. ஆண்டு: அறுபத்தேழாக இருக்கலாம்.
அட்டை: பச்சை.

அறுபத்தேழில் புத்தகங்களுக்கு எண்ணே பிறக்கவில்லை.
பச்சை என்று தேட எந்தப் பெட்டியும் இடம் தராது.
பாசி, கடற்பாசி, கால்வாய், நீரிணை,
ஒருமையில், பன்மையில்,
எழுத்துப்பிழையோடும் ஒருமுறை.

பிழையோடு தேடியபோதுதான் கிடைத்தது.
ரோட்டர்டாமில் ஒரு கடை.
விலை எழுபத்தெட்டு யூரோ, தபால் தொண்ணூற்றொன்று.
சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்.

படம் ஒன்று: அட்டை. பச்சைதான்.
படம் இரண்டு: முதுகு.
படம் மூன்றைப் பெரிதாக்கினேன்.
உள்ளட்டையில் நீலமாய் ஒரு நீள்வட்டம்,
அதற்குள் எங்கள் நூலகம்.
குறுக்கே சிவப்பில்: நீக்கப்பட்டது.
கீழே தேதி.
அதற்கும் கீழே, வாலை இழுத்து விட்ட ஓகாரத்தோடு,
நெ. ஓ.

நெவென்கா ஓயார்சோ. நான்தான்.
கையும் களவுமாகப் பிடித்தது ரோட்டர்டாம்.

அந்த வருடம் எந்திரம் ஒரு பட்டியல் கொடுத்தது,
பதினோரு ஆண்டாக யாரும் தொடாதவை.
மூன்று நாள் முத்திரை குத்தினேன். தோள் வலித்தது.
வாசலில் மேசை போட்டு, கிலோ முந்நூறு பெசோ.
யார் வாங்கினார்களோ,
காற்றில் சைக்கிளோடு விழுந்து எழுந்த
வெளியூர்ப் பயணி யாராவது.

‘வாங்கு’ என்ற பொத்தான் மஞ்சள் நிறம்.
அதைப் பார்த்தபடி ஒரு தேநீர் ஆறவிட்டேன்.
பிறகு அழுத்தினேன்.
மிச்சப் பணம் பதினொரு யூரோ.
அதற்கு ஒட்டுநாடா வாங்கலாம்.

மார்ச்சில் வந்தது.
பதிவுப் படிவம் கேட்டது: புதிய நூலா, கூடுதல் பிரதியா?
எங்கிருந்து பெறப்பட்டது?
இரண்டாவதற்கு ‘ரோட்டர்டாம்’ என்று எழுதினேன்.
பொய் இல்லை.
முத்திரைப் பெட்டியைக் கிளறிப் பார்த்தேன்.
வந்தது, தந்தது, கிழிந்தது, தொலைந்தது
எல்லாம் இருக்கின்றன.
திரும்பி வந்தது என்று ஒன்று
யாரும் செய்யச் சொல்லவில்லை.
சிவப்பின் மேல் பென்சிலால் ஒரு கோடு இழுத்தேன்,
மெலிதாக, அழிக்கக் கூடியதாக.

எலிசெயோ அந்தப் பக்கத்தைப் பார்க்கவே இல்லை.
சட்டைப் பையிலிருந்து காகிதப் பொட்டலம் ஒன்றைப் பிரித்து
காய்ந்த செந்நிறத் துணுக்கை
இருபத்திரண்டாம் படத்தின் மேல் வைத்தார்.
குனிந்தார். நானும் குனிந்தேன்.
“இது இல்லை” என்றார்,
பக்கத்தைத் திருப்பினார்.