நாயகன் இல்லாத பக்கங்கள் மலிவு

முகமூடியோடு அவன் நேரே நிற்கிற பக்கம்
தொண்ணூறாயிரம்.
தோளும் அரை முகமும் தெரிந்தால்
நாற்பதுக்குக் கதைக்கலாம்.
அவன் பாய்ந்து போன பிறகு மிஞ்சின
மொட்டைமாடி,
ஒரு தண்ணீர்த் தாங்கி, கொடியில் சறம்,
எங்கிருந்தோ வருகிற ஒரு குரல்:
மூவாயிரத்து ஐந்நூறு.

"உதுக்குள்ள ஒண்டும் இல்லையே அக்கா"
என்றார் வெள்ளவத்தை றெஜினோல்ட்,
விற்கிறவரே.
அதுதான் வேணும் என்றேன்.
அதுக்குத்தான் காசு காணும் என்று
சொல்லவில்லை.

பரமேஸ்வராச் சந்தியில்
போட்டோக்கொப்பிக் கடை எனக்கு.
காலமை கம்பஸ் பிள்ளையள்,
பின்னேரம் காணி உறுதியோடு
வேலிச் சண்டைக்காரர்.
நாள் முழுக்க நகல் எடுக்கிற கைக்கு
ஒரு அசலைத் தொட ஆசை வந்ததில்
என்ன பிழை?

மாடிக்குச் சீட்டுக் காசு.
அடுத்தது, ஆளே இல்லாத தெருவில்
மழை மட்டும் பெய்கிற பக்கம்;
அதுக்கு டோனர் வாங்க வைத்திருந்த காசு.
ஒரு கிழமை எழுத்தெல்லாம் சாம்பலாய் வந்தது.
சட்டம் படிக்கிற பெடியன் ஒருத்தன்
தாளை வெளிச்சத்தில் பிடித்து,
"அக்கா, நீதி வடிவாத் தெரியேல்லை" என்றான்.

இரவு பஸ்ஸில் வரும், டயர் ஒன்றின் மேல்,
இரண்டு பலகைத் துண்டுக்கு நடுவில்.
விடிய நாலரைக்கு நான்தான் போய் நிற்பேன்.
பிரித்தால்
அச்சில் காணாத வெள்ளைப் பூச்சு,
பூச்சுக்குக் கீழே அவர் வேண்டாமென்று விட்ட காகம்,
தேத்தண்ணிக் கோப்பையின் வட்டம்,
எல்லாத்துக்கும் அடியில் நீலப் பென்சில்.
நீலம் கமராவுக்குத் தெரியாதாம்.
அதனால்தான் நீலத்தில் கீறுவார்களாம்.

ஒருநாள் கடை பூட்டின பிறகு
மனம் கேட்கவில்லை.
வெளிச்சம் படக்கூடாதென்று தெரிந்தும்
மாடியைக் கண்ணாடியில் கவிழ்த்தேன்.
தாங்கி வந்தது. கொடி வந்தது. சறம் வந்தது.
நீலம் வரவில்லை.
பதினொரு வருசம் என்னை வேலை வாங்கின மெஷின்
தோற்றுப்போய் நிற்கிறதைப் பார்த்து
தனியே இருந்து சிரித்தேன்.

கஸ்தூரியார் வீதியில் சட்டம் போட விலை கேட்டால்
பக்கத்தைவிடக் கண்ணாடி கூட.
ஆகவே சீலைப் பெட்டி.
மாரி ஈரத்துக்கு
சப்பாத்துக் கடையில் கேட்டு வாங்கின
"தின்ன வேண்டாம்" பொட்டலங்கள்.
தங்கச்சி வசந்தரூபி சொல்லுவாள்,
உந்தக் காசைச் சேர்த்திருந்தால்
ஒரு மோதிரம்.
மோதிரத்தில் ஆரடி மழை கீறுவினம்?

போன சித்திரை வெக்கையில்
பசை காய்ந்து
பேச்சுக்குமிழ் ஒன்று கழன்று விழுந்தது.
"ஓடுங்கள்! அவன் மேலே நிற்கிறான்!"
விரல் நகமளவு எழுத்து,
என் மடியில்.

குமிழ் இருந்த இடத்தில் ஒரு சன்னல்.
சன்னலில் ஒருத்தி.
பின்னல், தோடு, கழுத்தில் வியர்வைக்கு
இரண்டு புள்ளி,
எல்லாம் மையில், முழுசாய்.
எழுத்து எங்கே விழுமென்று
கீறினவருக்குத் தெரிந்திருக்குமோ, தெரியாது.
ஓடச்சொல்லிக் கத்தினவள் இவளில்லை,
வாய் மூடித்தான் இருக்கிறது.
மேலே ஆர் பாய்ந்தால் என்ன,
அவள் பார்க்கிறது
சறம் காய்ந்துவிட்டதா என்று.

நேற்று றெஜினோல்ட் எடுத்தார்.
டென்மார்க்கில் ஒருத்தர்
பாய்ச்சல் பக்கத்தை வாங்கிவிட்டாராம்.
அடுத்த பக்கமும் வேணுமாம், சோடியாய்,
இருபத்தையாயிரம்.
மெஷினுக்குப் புது டிரம் போட்டு
மிச்சமும் வரும்.

"குமிழெல்லாம் சரியா இருக்குத்தானே?"
ஒண்டு கழண்டு போச்சு.
"அடியில என்ன?"
ஒண்டும் இல்லை, என்றேன்.
"அப்ப ஒட்டி அனுப்புங்கோவன் அக்கா,
ஒரு துளி பசைதானே."

கடையில் பசை முடிஞ்சுது என்றேன்.
லாச்சிக்குள்
மூன்று போத்தல் கிடக்கிறது.